வெயிலுக்குப் புறப்பட்ட பென்குவின்

அந்தக் கட்டடத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. எல்லோருக்கும் அவள் பைலட்டம்மா. லிஃப்ட் ஓட்டும் வேலையில் சேர்ந்த முதல் நாள், பதற்றத்தில் என்ன பேசுவது என்று தெரியாமல், உள்ளே ஏறியவர்களைப் பார்த்து, "எல்லாரும் நல்லா பிடிச்சுக்குங்க, கிளம்பப் போறோம்" என்று சொல்லிவிட்டாள். மேல்மாடிக் கணக்கர் அன்றைக்கு வைத்த பெயர். வைத்தவர் தலையில் மயிரெல்லாம் உதிர்ந்த பிறகும் பெயர் மட்டும் உதிரவில்லை.

அந்த லிஃப்ட்டுக்கு அவளைவிட வயது அதிகம். இரண்டு மடக்குக் கம்பிக் கதவுகள். உள்ளே புதிதாய் ஒருவர் நுழைந்தால், ஏற்கெனவே நிற்பவர்கள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டிய அளவுக்கு இடம். கதவுகளை அவள்தான் கையால் இழுத்துச் சாத்த வேண்டும். எந்த மாடி என்று பொத்தானை அழுத்திவிட்டால், போய்ச் சேரும்வரை அது யார் பேச்சையும் கேட்காது. நிறுத்த ஒரு சிவப்பு விசை உண்டு. அதைத் தொட்டால் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். பிறகு ஊரின் அந்தக் கோடியிலிருந்து மெக்கானிக் வந்து முதுகைத் தடவிக் கொடுத்தால்தான் நகரும். முன்பு ஒருமுறை யாரோ விளையாட்டாய் அதைத் தொட்டுவிட, மெக்கானிக் வந்து சேர்வதற்குள் உள்ளே சிக்கியிருந்த முன்பின் தெரியாத இரண்டு பேருக்குள் கல்யாணப் பேச்சே முடிந்துவிட்டது என்று அந்தக் கட்டடத்தில் சொல்வார்கள். பாதி பொய்யாக இருந்தாலும் பாதி நிஜம்.

இத்தனை வருஷத்தில் பைலட்டம்மா ஏறிய உயரத்தை எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால், நிலாவில் இறங்கி ஒரு வாய் டீ குடித்துவிட்டு இன்னும் மேலே போயிருக்கலாம். ஏறிய அளவுக்கு இறங்கியும் தொலைத்ததால் நின்ற இடத்திலேயே நின்றாள்.

கைக்கு வேலை இல்லாத வேலை அது. கதவை இழுத்து, பொத்தானை அழுத்தினால் முடிந்தது. மிச்ச நேரமெல்லாம் கைகள் மடியில் சும்மா கிடக்கும். நான்காம் மாடிப் பல் மருத்துவரின் நர்ஸ், தனக்குப் பொறுமை இல்லை என்று பாதியில் விட்ட குரோஷா ஊசியையும் நூலையும் இவள் மடியில் போட்டுவிட்டுப் போனாள். நுனியில் சின்னக் கொக்கி வைத்த ஊசி. நூலில் ஒரு கண்ணி போட்டு, அதற்குள் ஊசியை விட்டு, நூலைக் கொக்கியில் மாட்டி இழுத்தால் அடுத்த கண்ணி. அவ்வளவுதான். பைலட்டம்மா முதலில் போட்ட கழுத்துத் துண்டு, எங்கே நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியாததால் ஒரு மழைக்காலம் முழுக்க நீண்டுகொண்டே போய், கடைசியில் அவள் ஸ்டூலுக்கு மெத்தையானது. அடுத்துப் போட்டது முயல். கழுதை மாதிரி வந்தது. பல் மருத்துவர் அதை வாங்கித் தன் வரவேற்பறையில் வைத்தார். ஊசிக்குப் பயந்து அழுத பிள்ளைகள் எல்லாம் அதைப் பார்த்த மாத்திரத்தில் அழுகையை நிறுத்தினார்கள். பல்லைவிடப் பெரிய பயம் ஒன்று வந்துவிட்டது, வேறென்ன.

மூன்றாவது பொம்மையிலிருந்து கை திருந்தியது. அதற்குக் காரணம் வாலு.

வாலு என்பது அவள் தம்பியின் மகள். தம்பி வீட்டில்தான் பைலட்டம்மாவும் இருந்தாள்; கல்யாணம் என்ற பேச்சு அவள் வாழ்க்கையில் இரண்டு முறை வாசல் வரை வந்துவிட்டு, செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போனது. தம்பியும் அவன் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். குழந்தையைக் குளிப்பாட்டியது, பால் புட்டியைக் கழுவியது, முதல் பல் முளைத்ததைக் கண்டுபிடித்தது எல்லாம் அத்தைதான். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் பள்ளி வண்டி அவளைச் சாயங்காலம் கட்டட வாசலில் இறக்கிவிட்டுவிடும். வாலு லிஃப்ட்டின் மூலையில் புத்தகப் பையின் மேல் உட்கார்ந்து, வீட்டுப்பாடம் முடியும்வரை மேலும் கீழுமாகப் போய்வருவாள். "எங்க பாப்பா மூணாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவுல கூட்டல் கத்துக்கிட்டா" என்று பைலட்டம்மா பெருமையடித்துக்கொள்வாள்.

அவர்கள் இருவருக்கும் இடையே ஒரு வழக்கம் இருந்தது. பொம்மை எதுவானாலும், கடைசிக் கண்ணிக்குப் பிறகு நூலை வெட்டுவது வாலு. அதற்கென்று ஒரு சின்னக் கத்திரிக்கோல். அது வாலுவின் பென்சில் டப்பாவில்தான் இருக்கும், அத்தையிடம்கூடத் தர மாட்டாள். அவள் வரும்வரை கடைசிக் கண்ணியில் ஓர் ஊக்கைக் குத்தி வைத்திருக்க வேண்டும். கண்ணி நழுவாமல் ஊக்கு காவல் காக்கும். நூல்கண்டு பையில் கிடக்கும். வாலு வந்து, லிஃப்ட்டில் இருப்பவர்களை எல்லாம் கை தட்டச் சொல்லிவிட்டு, கத்திரிக்கோலை வைத்து ஒரே வெட்டு. அதற்குப் பிறகுதான் அது யானையோ ஆமையோ ஆகும். அதுவரை வெறும் நூல்.

தம்பிக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது.

வெயில் கொளுத்தும் ஊராம். பக்கத்தில் கடலாம். குடும்பத்தோடு போகலாமாம். குடும்பம் என்றால் யார் யார் என்று அந்த நாட்டு அலுவலகத்துக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது: கணவன், மனைவி, பிள்ளை. அக்கா என்று ஒரு கட்டம் அவர்கள் வைத்திருக்கவில்லை. யார் மேல் கோபப்படுவது? தம்பி நல்லவன். அவன் மனைவியும் நல்லவள். "அண்ணி, நீங்க இல்லாம நான் என்ன பண்ணப் போறேன்" என்று நிஜமாகவே அழுதாள். அழுது முடித்துவிட்டுப் பெட்டிகளை அடுக்கினாள்.

பைலட்டம்மாவுக்குக் கேட்க ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. "லீவுக்கு லீவு பிள்ளையை எங்கிட்ட அனுப்புங்க." இதைச் சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தாள். ஒவ்வொரு தடவையும் யாராவது அட்டைப்பெட்டியில் ஒட்டுநாடாவைக் கர்ர்ரென்று இழுத்தார்கள். "என்னக்கா?" என்பான் தம்பி. "ஒண்ணுமில்ல, அந்த முனையைப் பிடிச்சுக்கவா?" என்று கேட்டுவிட்டு, பெட்டியின் முனையைப் பிடித்துக்கொள்வாள்.

சொல்ல முடியாததை எல்லாம் ஊசியில் போட்டாள். வாலு கேட்டது பென்குவின்.

"அத்தை, அது பனியில இருக்கிற பறவை. அங்க வெயில் தாங்காது. தொப்பி வேணும்."

"போட்டுடலாம்."

"கண்ணு கூசும். கூலிங்கிளாஸ்."

"சரி."

"கடல்ல விழுந்துட்டா?"

"பென்குவினுக்கு நீச்சல் தெரியும்டி."

"எல்லா பென்குவினுக்கும் தெரியாது. இது நம்ம வீட்டுப் பென்குவின். உனக்கு நீச்சல் தெரியுமா?"

நியாயம்தான். மஞ்சள் நூலில் அகல விளிம்புத் தொப்பி ஒன்று; விளிம்பு தொங்காமலிருக்க உள்ளே மெல்லிய கம்பி. கறுப்பு நூலில் இரண்டு வட்டம் போட்டு, நடுவே இணைத்துக் கூலிங்கிளாஸ். சிவப்பும் வெள்ளையுமாய்ப் பட்டை போட்டு, வடை கணக்காய்ப் பஞ்சடைத்த மிதவை வளையம். உள்ளங்கையளவு கடற்கரைப் பை. அதற்குள் ஒரு சோளப்பொரி அளவுக்குத் துண்டு. பென்குவின் தயாராவதற்கு முன்பே அதன் பெட்டி படுக்கை தயாராகிவிட்டது.

உடம்பைப் பாதத்திலிருந்து சுற்றிச் சுற்றி மேலே கொண்டுபோனாள். கருநீல நூல், நைலான் கலந்தது. இழுத்தால் விரல் அறும், நூல் அறாது. வயிறு நிறைய பஞ்சு. கழுத்துக்கு மேல் தலை. தலைக்குப் பிளாஸ்டிக் கண். கடைசிச் சுற்று உச்சந்தலையில் வந்து முடிய வேண்டும்.

புறப்படும் நாளில் விடுப்புக் கேட்டாள். "நீங்க போயிட்டா கட்டடமே மேல போகாதும்மா" என்றார் கட்டட மேலாளர், புகழ்ச்சி மாதிரி. மாற்றாள் இல்லை. ஆகவே, விமான நிலையம் போகிற வழியில் கார் கட்டட வாசலில் நிற்கும், வாலு லிஃப்ட்டில் வந்து நூலை வெட்டுவாள், பென்குவின் புறப்படும். அந்தச் சமயத்தில் தம்பியிடமும் கேட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள். கார் வாசலில் காத்திருக்கும்போது யாரும் ஒட்டுநாடா இழுக்க மாட்டார்கள் அல்லவா?

மதியம் சாய்ந்தபோது கடைசிக் கண்ணியும் முடிந்தது. ஊக்கைக் குத்தினாள். தொப்பியை வைத்து, கண்ணாடியை மாட்டி, வளையத்தை இடுப்பில் கோத்து மடியில் உட்கார வைத்தாள். உலகத்துக் கவலை எதுவும் இல்லாத ஒரு முகம் அதற்கு வந்திருந்தது. அவளிடமிருந்து அது எப்படி வந்தது என்பதுதான் ஆச்சரியம்.

கணக்கர் குடையோடு ஏறினார். பல் வீங்கிய ஒரு மாமி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். குடை, காலடியில் இருந்த நூல் பையைத் தட்டியது. அதை யாரும் கவனிக்கவில்லை. நூல்கண்டு மெல்ல உருண்டு கம்பிக் கதவின் அடி வழியாகக் கீழ்த்தளத்துக்குள் இறங்கி நடந்துபோனது. பைலட்டம்மா மேல்மாடிப் பொத்தானையும், வழியில் நான்காவதையும் அழுத்தினாள். லிஃப்ட் முனகிக்கொண்டு கிளம்பியது.

கீழே நூல்கண்டு தரையில் குதித்துக் குதித்து நூலை விட்டுக்கொண்டிருந்தது. அதுவரை ஆபத்தில்லை. ஆனால் கீழே வாட்ச்மேன் இருந்தார்.

வாட்ச்மேன் பைலட்டம்மாவுக்கு ஏதாவது ஓர் உதவி செய்ய வேண்டும் என்று வருஷக்கணக்காய்க் காத்திருந்த மனிதர். அவள் எதையும் கேட்க மாட்டாள். இவருக்கும் வாய்ப்பே அமையவில்லை. இன்று கண்ணெதிரே அவளுடைய நூல்கண்டு ஓடுகிறது. பாய்ந்து பிடித்தார். பிடித்ததோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை, நழுவக் கூடாதென்று கையில் நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டு, "பைலட்டம்மா, கவலைப்படாதீங்க, பிடிச்சிட்டேன்!" என்று மேலே பார்த்துக் கத்தினார்.

நூல் விறைத்தது. ஊக்கு வாயைப் பிளந்தது. மடியிலிருந்த பென்குவின் திடுக்கிட்டாற்போல ஒரு துள்ளு துள்ளியது.

"ஐயோ, விடுங்க! விட்டுடுங்க!" என்று பைலட்டம்மா கத்தினாள். மோட்டார் சத்தத்தில் அது கீழே போகவில்லை. அவர் பாறை மாதிரி நின்றார்.

உச்சந்தலை சுற்றுச் சுற்றாய்க் கழன்றது. தொப்பி முதலில் விழுந்தது. நூலைக் கையால் பற்றினாள். உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு ஓடியது. வெட்டலாம் என்றால் கத்திரிக்கோல் வாலுவின் பென்சில் டப்பாவில். அவள் விரல் சிவப்பு விசைக்குப் போனது.

போய், நின்றது. தொட்டால் லிஃப்ட் நிற்கும். பென்குவின் பிழைக்கும். அவள் இரண்டு மாடிக்கு நடுவில் தொங்கிக்கொண்டிருப்பாள். கீழே கார் வரும், ஹாரன் அடிக்கும், போய்விடும். தொடாவிட்டால் தலை போகும்.

விரலை எடுத்துக்கொண்டாள். மடியில் தலை கரைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு கண் டப்பென்று விழுந்து உருண்டது. அலகு ஒரு நொடி இழுத்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, அதுவும் விட்டுக்கொடுத்தது.

"மாமி, கொஞ்சம் கடிங்களேன்!" என்றார் கணக்கர்.

"எதையும் கடிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்றாள் மாமி, வீங்கிய வாயோடு.

கணக்கர் குடையைப் போட்டுவிட்டுக் குனிந்து, தன் சொந்தப் பல்லால் நூலை ஒரே கடியாகக் கடித்தார். அறாத நூல் அறுந்தது. அதற்குள் கழுத்து வரை போயிருந்தது. "எப்படி!" என்று நிமிர்ந்த கணக்கர், பைலட்டம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டார்.

கீழே இறங்கியபோது வாட்ச்மேன் வாசலிலேயே நின்றிருந்தார். கழன்ற நூலை எல்லாம் அழகாய்ச் சுற்றி, புதுக் கண்டு மாதிரி இரண்டு கையாலும் நீட்டினார். முகமெல்லாம் சிரிப்பு. "ஒரு இழைகூட அழுக்காகல, பாருங்க."

அந்தச் சிரிப்பைப் பார்த்து எப்படித் திட்டுவது? "ரொம்ப நன்றிங்க" என்று வாங்கிக்கொண்டாள்.

உட்கார்ந்து திரும்பப் போட ஆரம்பித்தாள். ஒருமுறை பின்னிப் பிரித்த நூல், சுருட்டை முடி மாதிரி நெளிந்துகொண்டு ஊசிக்குள் வர மறுத்தது. அவசரப்பட்டு இழுத்தால் கண்ணி இறுகும்; இறுகினால் ஊசி நுழையாது. போதாததற்கு அன்றைக்குப் பார்த்து ஊரில் எல்லோருக்கும் பல் வலித்தது. ஒரு சுற்று முடிவதற்குள் ஏதாவது ஒரு மாடியிலிருந்து அழைப்பு மணி. கதவை இழு, பொத்தானை அழுத்து. கழுத்தைச் சுற்றி இரண்டு வரிசை ஏறியது, அவ்வளவுதான்.

ஹாரன் கேட்டது.

வாலு ஓடி வந்தாள், பென்சில் டப்பாவைக் குலுக்கிக்கொண்டு. பின்னாலேயே கழுத்தில் பயணத் தலையணையோடு தம்பி. கைப்பையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு அவன் மனைவி.

"எல்லாரும் கை தட்டத் தயாராகுங்க! எங்கே என் பென்குவின்?"

பைலட்டம்மா முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் காட்டினாள்.

வாலு ஒரு பக்கமாகப் பார்த்தாள். மறுபக்கம் திருப்பிப் பார்த்தாள். "அத்தை, தலை எங்கே?"

"இன்னும் வரல."

"காலையில இருந்துச்சே!"

"இருந்துச்சு. போயிடுச்சு."

"நான்தான் பாப்பா பிடிச்சேன்" என்றார் வாட்ச்மேன். அவருக்கு அப்போதுதான் விஷயம் புரிந்து, குரல் இறங்கிவிட்டது.

"கடிச்சது நான்" என்றார் கணக்கர். அவர் ஏன் இன்னும் கீழ்த்தளத்தில் நிற்கிறார் என்று யாரும் கேட்கவில்லை.

"பென்குவினையா கடிச்சீங்க?"

"நூலை. நூலை மட்டும்."

"வெட்டுறது என் வேலை" என்றாள் வாலு. கண்ணில் நீர் முட்டியது.

"கண்ணு, கார் நிக்கக் கூடாத இடத்துல நிக்குது" என்றாள் அவள் அம்மா. "அப்படியே எடுத்துக்கோ. அங்க போய்ப் பார்த்துக்கலாம்."

"தலை இல்லாம ஃப்ளைட்ல ஏத்த மாட்டாங்கம்மா. போட்டோவையும் மூஞ்சியையும் பார்ப்பாங்கன்னு நீதானே சொன்னே? இதுக்கு மூஞ்சி எங்க?"

வாலுவே முடிவு செய்தாள். தொப்பி, கண்ணாடி, வளையம், பை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள். மிதவை வளையத்தைக் கையில் வளையல் மாதிரி மாட்டிக்கொண்டாள். தலையில்லாத பென்குவினை அத்தையின் மடியில் திரும்ப உட்கார வைத்தாள்.

"சாமானை எல்லாம் நான் முன்னாடி கொண்டுபோறேன். தலை வந்ததும் அது வரட்டும்."

"அந்தக் கத்திரிக்கோலையும் விட்டுடும்மா, விமானத்துல விட மாட்டாங்க" என்றான் தம்பி.

வாலு தயங்கினாள். பிறகு டப்பாவைத் திறந்து கத்திரிக்கோலை எடுத்து அத்தையின் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள். "பத்திரம். நீ வெட்டாதே. நான்தான் வந்து வெட்டுவேன்."

"எப்ப வருவே?" என்றாள் பைலட்டம்மா.

குழந்தையைத்தான் கேட்டாள். ஆனால் கேள்வி தம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றது. அத்தனை நாளும் தொண்டையில் நின்றது அப்படித்தான் வெளியே வந்தது, பாதியாக, ஆள் மாறி. வாலுவும் அப்பாவைப் பார்த்தாள்.

தம்பி லிஃப்ட்டின் கூரையைப் பார்த்தான். "பார்க்கலாம்க்கா" என்றான்.

அந்த வீட்டில் 'பார்க்கலாம்' என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். ஒழுகும் குழாயை மாற்றுவது, மிருகக்காட்சிசாலைக்குப் போவது, அக்காவுக்கு ஒரு கட்டில் வாங்குவது எல்லாம் பார்க்கலாமில்தான் இருந்தன, வருஷக்கணக்காக.

நான்காம் மாடியில் மணி அடித்தது. வெளியே ஹாரன் அடித்தது. வாலு ஓடினாள், வாசலில் திரும்பி, கையிலிருந்த மிதவை வளையத்தை ஆட்டினாள். பைலட்டம்மா கம்பிக் கதவை இழுத்துச் சாத்தினாள். பொத்தானை அழுத்தினாள். லிஃப்ட் அவளை மேலே கொண்டுபோனது. கார் புறப்பட்டதை அவள் பார்க்கவில்லை.

தலை அடுத்த வாரமே வந்துவிட்டது. சுருண்ட நூலில் போட்டதால், தூங்கி எழுந்து வாராத தலை மாதிரி இருந்தது. தொப்பி இல்லாததால் மொட்டையாகவும் தெரிந்தது. கடைசிக் கண்ணியில் ஒன்றுக்கு இரண்டாக ஊக்குக் குத்தி, நூல்கண்டைப் பையில் போட்டு, பென்குவினை ஸ்டூல் பக்கத்தில் உட்கார வைத்தாள். கத்திரிக்கோல் சிவப்பு விசைக்கு அருகில் ஓர் ஆணியில் தொங்கியது. புதிதாக ஏறுகிறவர்கள், "நூல் தொங்குதே, வெட்டிடட்டுமா?" என்று கேட்பார்கள். அவள் பதில் சொல்வதற்குள் கணக்கர், "யாரும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தன் வாயைக் கையால் மூடிக்கொள்வார். வாட்ச்மேனோ எங்கே நூலைக் கண்டாலும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

வீடியோ அழைப்பில் வாலு முதலில் தினமும் கேட்டாள்: "தலை வந்துடுச்சா?" வந்துவிட்டது என்று காட்டினாள் பைலட்டம்மா. "தொப்பியை இப்ப ஒரு கரடி போட்டிருக்கு" என்றாள் வாலு ஒருநாள். "புது ஃபிரெண்டு குடுத்த கரடி. பென்குவின் வந்ததும் திருப்பிக் குடுத்துடும், நான் சொல்லிட்டேன்." பிறகு வாரம் ஒருமுறை பேசினார்கள். முதல் லீவு வந்து போனது. தம்பி சொன்னதையே சொன்னான்.

"பார்சல்ல அனுப்பிடுங்களேன் பைலட்டம்மா" என்றாள் பல் மருத்துவரின் நர்ஸ்.

"அனுப்பணும்னா நூலை வெட்டணுமே" என்றாள் அவள்.

மேலே மணி அடித்தது. பைலட்டம்மா குனிந்து, நூல்கண்டு பைக்குள் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டாள். இருந்தது. "எல்லாரும் நல்லா பிடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.